கடலை எண்ணெயும் ஒரு கப்பலும்... வாட்ஸ்அப் சொல்லாத ருடால்ஃப் டீசலின் கதை!

ஆகஸ்ட் 10 வந்தால் போதும், உங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வேர்ட் வந்து விழும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1893-ல் இதே நாளில் கடலை எண்ணெயில் ஓடும் இன்ஜினை உருவாக்கினார், அது பொறுக்காத எண்ணெய் முதலாளிகள் அவரைக் கப்பலிலிருந்து கடலில் தள்ளிவிட்டார்கள் என்று அதில் இருக்கும். இந்தியாவில் உலக உயிரி எரிபொருள் தினம் கொண்டாடப்படுவதும் அதே ஆகஸ்ட் 10-ல்தான். அதனால் நீங்களும் நம்பி, ஒரு தம்ஸ்அப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பீங்க.

அந்தத் தேதி நிஜம். மனிதர் நிஜம். கப்பலும் நிஜம். ஆனா, அன்றைக்கு அந்த இன்ஜினுக்குள் போனது கடலை எண்ணெய் இல்லை, பெட்ரோல்! கடலை எண்ணெய் வந்தது ஏழு வருஷம் கழித்து. அதை ஊற்றிப் பார்க்கச் சொன்னதும் டீசல் இல்லை. அப்படின்னா, பயோடீசல் கதையில் இவருக்கு என்னதான் பங்கு? அதைத் தெரிஞ்சுக்கணும்னா, பாரிஸ் தெருக்களில் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனிடமிருந்து ஆரம்பிக்கணும்.

இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு பையன்

ருடால்ஃப் டீசல் பிறந்தது 1858 மார்ச் 18, பாரிஸில். அப்பா தியோடர், அம்மா எலிஸ். இருவரும் ஜெர்மனியின் பவேரியா பகுதியிலிருந்து பிழைப்புக்காக பாரிஸுக்கு வந்தவர்கள். அப்பாவுக்குத் தோல் பொருள்கள் செய்யும் சின்னப் பட்டறை. செய்து முடித்த சரக்கை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வாடிக்கையாளர்களிடம் கொடுப்பது ருடால்ஃபின் வேலை. நேரம் கிடைத்தால் அந்த ஊரிலிருந்த தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு ஓடிப்போய், பழைய இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன் வம்சாவளி என்பதால் குடும்பம் பாரிஸை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. லண்டனுக்குப் போனார்கள். அங்கேயும் வருமானம் இல்லை. 12 வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஏழாங்கிளாஸ் படிக்கிற உங்க தம்பியைத் தனியாக இன்னொரு நாட்டுக்கு அனுப்புவதை யோசித்துப் பாருங்க. அப்படித்தான் போனான் அவன்.

அந்த உறவினர், தொழிற்பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். ருடால்ஃபும் அதே பள்ளியில் சேர்ந்தான். 14 வயதில், தான் இன்ஜினீயர் ஆகப்போவதாக அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டான். படிப்பில் முதலிடம். அடுத்து உதவித்தொகையோடு மியூனிக் பாலிடெக்னிக்.

90 ரூபாய் எங்கே போகுது?

மியூனிக்கில் அவருக்குக் கிடைத்த பேராசிரியர் கார்ல் ஃபான் லிண்டே. செயற்கைக் குளிரூட்டலில் முன்னோடி. உங்க வீட்டு ஃப்ரிட்ஜின் கதையை எழுதினால், அதில் லிண்டேவுக்கு ஒரு அத்தியாயம் உண்டு. அவருடைய வகுப்பில்தான் டீசலின் வாழ்க்கையை மாற்றிய ஒரு கணக்கு வந்தது. அந்தக் கால நீராவி இன்ஜின், நிலக்கரியிலிருந்து கிடைக்கும் வெப்பத்தில் சுமார் 10 சதவிகிதத்தைத்தான் வேலையாக மாற்றியது, பல நேரம் அதுவும் இல்லை.

நம்ம கணக்கில் சொன்னால், 100 ரூபாய்க்கு நிலக்கரி வாங்கி எரித்தால், 90 ரூபாய் புகையாகவும் சூடாகவும் காற்றில் போய்விடும். மீதி 10 ரூபாய்தான் சக்கரத்தைச் சுற்றும். உலகமே நீராவி இன்ஜினைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மாணவருக்கோ அந்த 90 ரூபாய் உறுத்திக்கொண்டே இருந்தது. இதைச் சரிசெய்ய முடியுமா என்று நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்தார். அடுத்த பதினைந்து வருஷம் அந்தக் குறிப்புதான் அவரை ஓட்டியது.

இடையில் டைபாய்டு வந்து, 1879-ல் இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனது. அடுத்த தேர்வுவரை சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்த சுல்சர் தொழிற்சாலையில் கையில் கிரீஸ் படிய வேலை கற்றுக்கொண்டார். 1880 ஜனவரியில் பிரமாதமான மதிப்பெண்களுடன் பட்டம் வாங்கினார்.

முதல் வேலை பாரிஸில், லிண்டேவின் ஐஸ் ஆலையில். ஒரே வருஷத்தில் அதன் பொறுப்பாளரானார். 1883-ல் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள். ஆனா, வேலையில் ஒரு சிக்கல். நிறுவனத்தில் இருந்துகொண்டு கண்டுபிடித்த குளிர்பதன நுட்பங்களின் காப்புரிமையைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்த முடியாது. சரி, குளிரை விட்டுவிட்டு வெப்பத்தைப் பிடிப்போம் என்று பழைய நோட்டுப் புத்தகக் கேள்விக்கே திரும்பினார்.

சைக்கிள் பம்ப்பில் இருக்கு விஷயம்

சைக்கிளுக்கு வேகமாகக் காற்றடித்தால் பம்ப்பின் அடிப்பகுதி சுடும், கவனிச்சிருக்கீங்களா? காற்றை அழுத்தினால் சூடாகும். இதை எல்லை வரைக்கும் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதுதான் டீசலின் யோசனை. சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் விட்டு, பிஸ்டனால் கடுமையாக அழுத்தணும். காற்று பழுக்கச் சூடானதும் எரிபொருளைத் தெளித்தால், அது தானாகவே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் வேண்டாம், நெருப்பு வைக்க வேண்டாம். அழுத்தம் கூடக்கூட, வீணாகும் வெப்பமும் குறையும்.

1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893-ல் கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையும், இரும்புத் தொழிலில் பேர்பெற்ற க்ரூப் நிறுவனமும் கைகொடுத்தன. இன்றைக்கு லாரி ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த எம்.ஏ.என். நிறுவனத்தின் முன்னோடிதான் அந்த ஆக்ஸ்பர்க் ஆலை.

இப்போ அந்த ஃபார்வேர்ட் நாளுக்கு வருவோம். 1893 ஆகஸ்ட் 10. ஆக்ஸ்பர்க்கில் முதல் சோதனை. ஆலையின் சுழல்தண்டோடு இணைத்து வெளியிலிருந்துதான் இன்ஜினைச் சுற்றினார்கள். உள்ளே பெட்ரோல் தெளிக்கப்பட்டது. எரிபொருள் பற்றிக்கொண்டது, பெரிய சத்தம், அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அவ்வளவுதான்! உலகம் கொண்டாடும் அந்த நாளில், இன்ஜின் தன் சொந்த பலத்தில் ஓடவே இல்லை. ஆனா டீசலுக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது. அழுத்திய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றும்.

அடுத்து 1894 பிப்ரவரி 17. இந்த முறை இன்ஜின் தானாகவே ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிஷம். நிமிஷத்துக்கு 88 சுற்று. அந்த ஒரு நிமிஷத்தை நம்பி இன்னும் மூன்று வருஷம் உழைத்தார்கள். 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து முறைப்படி சோதித்தார். எரிபொருள், விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய். முடிவு, 26.2 சதவிகிதம். 100 ரூபாயில் 10 ரூபாய் பிரயோஜனமாகிய இடத்தில் இப்போது 26 ரூபாய்!

பணம் வந்தது, நிம்மதி போனது

39 வயதில் உலகப் புகழ். அமெரிக்காவின் பீர் அதிபர் அடால்ஃபஸ் புஷ், அந்த நாட்டுக்கான உரிமையை 10 லட்சம் மார்க்குக்கு வாங்கினார். பல நாடுகளிலிருந்தும் உரிமத் தொகை கொட்டியது. மியூனிக்கில் மாளிகை எழுந்தது.

ஆனா, இன்ஜின் இன்னும் முழுசாகப் பக்குவப்படவில்லை. வணிகரீதியாக முதலில் போனது கெம்ப்டன் நகரின் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு. தீக்குச்சியே தேவைப்படாத இன்ஜின் தீப்பெட்டி ஆலைக்குப் போனதுதான் வேடிக்கை. அங்கே தொடக்கத்தில் சிக்கல்கள் வந்துகொண்டே இருந்தன. மற்ற இடங்களிலிருந்தும் புகார்கள். இது புதுக் கண்டுபிடிப்பே இல்லை என்று காப்புரிமை வழக்குகள் வேறு. 1898-ல் உடம்பும் மனசும் சோர்ந்துபோய் மருத்துவ விடுதியில் சேர வேண்டிய நிலைமை. போதாக்குறைக்கு, நில வியாபாரத்திலும் கலீசியா எண்ணெய் வயல்களிலும் போட்ட பணம் கரைந்தது. இன்ஜினில் ஒரு சதவிகித வெப்பம் வீணாவதையே பொறுக்காத மனிதருக்கு, தன் பணம் எங்கே கசிகிறது என்பது தெரியவில்லை.

கடலை எண்ணெய் உள்ளே வருது

1900. பாரிஸில் பிரமாண்டமான உலகக் கண்காட்சி. 30 வருஷத்துக்கு முன் தன் குடும்பம் கிளம்ப வேண்டியிருந்த அதே ஊரில், டீசல் இன்ஜினுக்குக் கண்காட்சியின் மிக உயர்ந்த விருது கிடைத்தது.

அந்தக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் காட்டியது. பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால், அதில் வேர்க்கடலை எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். அரசுக்கு ஏன் அந்த ஆசை? ஆப்பிரிக்கக் காலனிகளில் வேர்க்கடலை ஏராளமாக விளைந்தது. நிலக்கரியையோ பெட்ரோலியத்தையோ கப்பலில் ஏற்றி அனுப்பாமல், அங்கே விளைவதையே எரித்து இன்ஜினை ஓட்டிவிடலாமே என்ற கணக்கு. ஆக, பயோடீசல் கதையின் முதல் பக்கத்தை எழுதியது பசுமைக் கனவு இல்லை, காலனி ஆட்சியின் செலவுக் கணக்கு.

இன்ஜினில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. பெட்ரோலிய எண்ணெய்க்காகக் கட்டப்பட்டது அது. ஆனாலும் கடலை எண்ணெயில் சத்தமில்லாமல் ஓடியது. எந்த அளவுக்குன்னா, அங்கிருந்தவர்களில் சிலருக்கு மட்டும்தான் உள்ளே என்ன எரிகிறது என்றே தெரிந்தது.

காரணம் அந்த சைக்கிள் பம்ப் தத்துவம்தான். ஸ்பார்க் பிளக்கை நம்பும் பெட்ரோல் இன்ஜினுக்கு எளிதில் ஆவியாகும் எரிபொருள் வேணும். அழுத்தத்தின் சூட்டை நம்பும் டீசல் இன்ஜினுக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. கனமான எண்ணெயைக் கொடுத்தாலும் எரித்துவிடும்.

டீசல் இதைக் கேள்விப்பட்டு அப்படியே விட்டுவிடவில்லை. பிறகு தானே சோதனைகள் செய்து பார்த்தார். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆமணக்கு எண்ணெயை ஊற்றி ஓட்டியதையும், கடல் உயிரினங்களின் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெய் எரிந்ததையும் கவனித்து வைத்தார்.

சின்னப் பட்டறைக்குச் செய்த இன்ஜின்

அவர் மனசில் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. நீராவி இன்ஜின் பெரிய முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும். பெரிய கொதிகலன், பெரிய கட்டடம், மலைபோல நிலக்கரி. அப்பாவின் தோல் பட்டறை மாதிரி இடத்தில் அதை வைக்கவே முடியாது. குறைந்த எரிபொருளில் ஓடும் சின்ன இன்ஜின் கையில் இருந்தால், கைத்தொழில் செய்பவரும் பெரிய ஆலையோடு போட்டி போடலாம் என்று நம்பினார். 1903-ல், தொழிலாளர்களே சேர்ந்து ஆலைகளை நடத்துவது பற்றி ஒரு புத்தகம்கூட எழுதினார். விற்றது சில நூறு பிரதிகள்தான். ஆனால் அவருக்கு இன்ஜினைவிட அந்தப் புத்தகம்தான் பெரிய சாதனையாகத் தெரிந்தது.

உலகம் வேறு வழியில் போனது. 1903-ல் டீசல் இன்ஜின் ரஷ்யாவின் வோல்கா ஆற்றில் எண்ணெய்க் கப்பலை ஓட்டியது. பிறகு நீர்மூழ்கிகளுக்குள் போனது. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் இன்ஜினோடு பெருங்கடல் தாண்டியது. சின்னப் பட்டறைக்கு என்று நினைத்தது, பெரிய கப்பலுக்கும் போர்ப்படைக்கும் போய்ச் சேர்ந்தது.

அதே 1912-ல்தான் அவர் தாவர எண்ணெய் பற்றித் தன் கருத்தை வெளிப்படையாகப் பதிவு செய்தார். தாவர எண்ணெய் இப்போதைக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம், காலப்போக்கில் பெட்ரோலியம் அளவுக்கு அதுவும் முக்கியமாகலாம் என்பது அவர் கணிப்பு. பூமிக்கடியில் இருக்கும் எரிபொருள் தீர்ந்துபோனாலும் சூரிய வெப்பத்தால் விளையும் எண்ணெய் இருக்கும், அதை வைத்து இன்ஜின் ஓட்டலாம் என்றார்.

கவனிச்சீங்களா? கடலை எண்ணெய்க்காக அவர் இன்ஜினைச் செய்யவில்லை. ஆனா, வேறு யாரோ செய்த ஒரு சோதனையைப் பார்த்து, தானே சரிபார்த்து, தன் படைப்பைப் பற்றிய எண்ணத்தையே பெரிதாக்கிக்கொண்டார். ஃபார்வேர்டில் வரும் கதையைவிட இது உசத்தி இல்லையா?

திரும்பி வராத பயணம்

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச்சுக்குக் கிளம்பிய டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார் டீசல். உடன் இரண்டு நண்பர்கள். இங்கிலாந்தில் டீசல் இன்ஜின் நிறுவனம் ஒன்றின் வேலைக்காகப் பயணம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, 10 மணி வாக்கில் தன் அறைக்குப் போனார். காலையில் 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார்.

காலையில் அறை காலி. படுக்கையில் படுத்த சுவடே இல்லை. அவருடைய தொப்பியும் மேல்கோட்டும் கப்பலின் பின்தளத்தில் கிடந்தன. சுமார் பத்து நாள் கழித்து, டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூடு போன்ற பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருள்களைப் பார்த்து, அது அப்பாதான் என்று அடையாளம் சொன்னவர் மகன் ஆய்கன்.

எண்ணெய் முதலாளிகள், ஜெர்மன் உளவாளிகள் என்று அன்றிலிருந்து இன்றுவரை கதைகள் உண்டு. எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆதாரத்தோடு தெரிந்தது வேறு. கிளம்புவதற்கு முன் மனைவியிடம் ஒரு பை கொடுத்து, ஒரு வாரத்துக்குத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். உள்ளே 20,000 மார்க் பணமும், கையிருப்பு கிட்டத்தட்டக் காலி என்று காட்டும் கணக்கு விவரங்களும் இருந்தன. மியூனிக் மாளிகையில் வாழ்ந்த குடும்பத்துக்கு, அத்தனை கடன் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு வயது 55.

கப்பலில் அன்று இரவு என்ன நடந்தது என்பதைவிட, இந்தப் பைதான் நமக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறது. உலகத்தின் எரிபொருள் கணக்கை மாற்றிய மனிதர், தன் வீட்டுக் கணக்கை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார். கடனோ மனச்சோர்வோ கழுத்தை நெரித்தால், ஒருத்தரிடமாவது சொல்லிடுங்க. மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் தயங்காம போங்க.

1937: இரண்டாவது பிறப்பு

டீசல் போன பிறகு பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்தது. இன்ஜின்கள் அதற்கேற்ப வடிவமைக்கப்பட்டன. கடைசியில் அந்த எரிபொருளுக்கே டீசல் என்று பேர் ஒட்டிக்கொண்டது. எதைக் கொடுத்தாலும் எரிக்கும் இன்ஜினைச் செய்தவரின் பேர், ஒரே ஒரு பெட்ரோலியப் பொருளுக்கு!

தாவர எண்ணெயில் நிஜமான ஒரு பிரச்னையும் இருந்தது. அது சாதாரண டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியானது. இன்ஜெக்டர் அதைப் பூந்தூறலாகத் தெளிக்க முடியாது. சரியாக எரியாமல் கரி படியும். சில மணி நேரக் கண்காட்சியில் தெரியாத இந்தக் கோளாறு, தினமும் ஓட்டும்போது இன்ஜினையே அடைத்துவிடும்.

வழி கண்டவர் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான். 1937-ல் காப்புரிமை பெற்றார். எண்ணெயின் ஒரு மூலக்கூறைச் சாவிக்கொத்து மாதிரி நினைச்சுக்கோங்க. கிளிசரின் என்ற வளையம், அதில் தொங்கும் மூன்று நீளமான கொழுப்புச் சங்கிலிகள். ஆல்கஹாலையும், கூடவே வினையைத் தூண்டும் ஒரு பொருளையும் சேர்த்தால், சங்கிலிகள் வளையத்திலிருந்து கழன்று ஆல்கஹாலோடு சேர்ந்துகொள்ளும். கனமான கிளிசரின் அடியில் தங்கும். மேலே மிதக்கும் இளகிய திரவம்தான் இன்றைய பயோடீசல். இன்றைய முறையில் தோராயமாக 100 கிலோ எண்ணெயும் 10 கிலோ மெத்தனாலும் போட்டால், 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். 1938-ல் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவெனுக்கும் நடுவே ஒரு பயணிகள் பேருந்து, இப்படி மாற்றிய பாமாயிலில் ஓடியது. அந்த 1937-ல்தான் ஆய்கன் டீசல் தன் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

அப்போ நம்ம வண்டியில் ஊற்றலாமா?

வடை சுட்ட எண்ணெயை நேரா டேங்க்கில் ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம். காரணம் மேலேயே பார்த்தோம். முறையாக மாற்றி, தரம் சோதித்த பயோடீசலைத்தான் டீசலோடு கலக்கணும். 20 சதவிகிதம் கலந்தால் அதற்கு பி20 என்று பேர். புகையில் கரித்துகள் குறையும். சட்டென்று தீப்பிடிக்காது என்பதால் சேமிப்பதும் பாதுகாப்பு. குறையும் உண்டு. குளிரில் சீக்கிரம் உறையும், லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் கொஞ்சம் குறைவு, பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களை அரிக்கலாம்.

எண்ணெய் எங்கிருந்து வருது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. காட்டை அழித்துப் பனை நட்டு எடுத்தால், மிச்சம்பிடித்த கார்பனைவிட இழந்தது அதிகமாகிவிடும். சாப்பாட்டு எண்ணெயை எரித்தால் சமையலறையில் விலை ஏறும். இந்தியாவும் 2003 வாக்கில் காட்டாமணக்கை நம்பிப் பெரிய திட்டம் போட்டது. எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. இப்போது கவனம், பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன சமையல் எண்ணெய் பக்கம் திரும்பியிருக்கிறது. அதைச் சேகரித்து பயோடீசலாக்கும் ரூகோ திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்ட் 10-ல் தொடங்கியது. சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல், சாக்கடையில் ஊற்றினால் ஊருக்குக் கெடுதல், இன்ஜினுக்குப் போனால் எரிபொருள். வீணாவதைப் பொறுக்காத ருடால்ஃப் டீசலுக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கும்.

அடுத்த ஆகஸ்ட் 10-ல் அந்த ஃபார்வேர்ட் மறுபடியும் வரும். வந்தால், 1893-ல் அது பெட்ரோல், கடலை எண்ணெய் 1900-ல்தான் என்று குரூப்பில் ஒரு வரி போட்டுவிடுங்க. அப்படியே, உங்க வீட்டில் பொரித்து மிச்சமான எண்ணெய் எங்கே போகுதுன்னு அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.